தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை

லிச்சி பழுக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஒரே ஒரு மரம், அதற்குப் பகலில் கோந்தே குருவி, ராத்திரியில் வௌவால் என்று இரண்டு ஷிஃப்ட் ஆட்கள். வலை போட்டு மூடலாம் என்றால் மரம் ரொம்ப உயரம். பளபளவென்று ஏதாவது தொங்கவிட்டால் குருவி மிரண்டு ஓடும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். என் அறைக்கு வந்து, "வேண்டாத சிடி ஏதாவது இருந்தா கொடுப்பா" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டு ஒரே ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஆயோ, அது 2,000 ரூபா டிஸ்க் ஆச்சே" என்றாள். (எங்கள் மொரீஷியஸ் கிரியோலில் சீனக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் சொல்கிற அந்த ஆயோ நம்முடைய ஐயோதான் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், அது வேறு கதை.) 2,000-க்கும் மேலேயே கொடுத்தேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' என்கிற வீடியோ கேம். 2013 பிப்ரவரி 12-ஆம் தேதி வெளியானது. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு கேம் மேல் இத்தனை நாள் கோபத்தை வைத்திருப்பது நாற்பது தாண்டிய தமிழ் வாத்தியாருக்கு அழகா என்றால் அழகில்லைதான், ஆனால் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குள் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேமுக்கு மூலமான படம். ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' 1979-இல் வந்தது, அப்போது நான் பிறக்கவில்லை. ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' 1986. எனக்கு அது கிடைத்தது தொண்ணூறுகளின் நடுவில், ரோஸ் ஹில்லில் ஒரு வீடியோ கிளப்பில், பிரெஞ்சு டப்பிங்கோடு, 'ஏலியன்ஸ், ல ரத்தூர்' என்ற அட்டையோடு. மொரீஷியஸில் என் வயதில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், எங்களுக்கு ஹாலிவுட்காரன் எல்லாரும் பிரெஞ்சில்தான் பேசுவான். அந்தக் கேசட்டை எத்தனை வீடு எடுத்துப் போயிருக்குமோ, கோடு கோடாக ஓடும், இருட்டுக் காட்சிகளில் திரையில் ஒன்றுமே தெரியாது. நானும் அக்காவும் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். படம் தெரியாததால் சத்தத்தைத்தான் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ராணுவக்காரர்கள் கையில் ஒரு கருவி வைத்திருப்பார்களே, மோஷன் டிராக்கர், எதிரில் ஏதாவது அசைந்தால் டிக், டிக் என்று அடித்து, நெருங்க நெருங்க வேகமெடுக்கும், அந்தச் சத்தம். அன்றைக்கு ராத்திரி குளியலறைக்குப் போக அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

அந்தப் படத்தில் ஏலியன் வந்து தாக்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காலி அறைகள், உடைந்த கதவு, பாதி சாப்பிட்ட தட்டு, அவ்வளவுதான். இன்னொன்று, நூற்றுக்கணக்கில் வருகிற மாதிரி தோன்றுமே, படப்பிடிப்பில் இருந்தது ஆறு ஏலியன் உடைகள்தானாம். ஆறு உடையை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து, அரை நொடி காட்டி வெட்டி, பார்க்கிறவன் மனதில் நூறு ஏலியனை உண்டாக்கினார்கள். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கேமை 2008-லேயே அறிவித்துவிட்டார்கள். செய்கிறவர்கள் 'பார்டர்லாண்ட்ஸ்' செய்த கியர்பாக்ஸ், வெளியிடுவது சேகா. இரண்டாவது படம் முடிகிற இடத்திலிருந்து கதை தொடரும், படத்தில் வந்த சுலாகோ விண்கப்பலுக்குள் திரும்பப் போகலாம், ஹேட்லிஸ் ஹோப் குடியிருப்பில் நடக்கலாம், படத்தின் உண்மையான அடுத்த பாகம் இதுதான் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு டெமோ வீடியோ வந்தது. அப்போது எங்கள் வீட்டு இணையம் எப்படி என்றால், வீடியோவைப் போட்டுவிட்டு டீ போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்து வந்தால் பாதி வந்திருக்கும். அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்தேன். இருட்டு நடைபாதை, விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது, சுவரில் ஈரம், வால் ஒன்று மட்டும் மூலையில் சரசரவென்று மறைகிறது. அந்த வால்! கேசட்டில் பார்க்க முடியாமல் போனதெல்லாம் இதில் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளே கடைக்குப் போய் 500 ரூபாய் முன்பணம் கட்டினேன். கடை பெயர் வேண்டாம், அவர்மேல் தப்பு இல்லை, அவரும் ஒன்று வாங்கி ஏமாந்தவர்தான்.

அந்த வருடம் ஜனவரி 27 தைப்பூசம். பத்து நாள் விரதம், காவடி எடுத்து வெயிலில் நடந்து, கால் கொப்புளம் ஆறுவதற்குள் கேம் வந்துவிட்டது. பஸ்ஸில் போய் (அப்போது மெட்ரோ ஏது) மீதிப் பணத்துக்கு ஒரு 2,000 ரூபாய் நோட்டை நீட்டினேன். எங்கள் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டுவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்து எழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையைச் சரிசெய்து மறுபடி அடித்தார்கள். எழுத்து விஷயத்தில் நாங்கள் அப்படி.

அக்காவும் அவள் மகனும் அன்றைக்கு வீட்டில் இருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயது, "சின்னப் பசங்க பாக்கக் கூடாது" என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து டிஸ்க்கைப் போட்டேன்.

நியாயமாகச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் எனக்குச் சிலிர்த்தது. கப்பலின் உட்பக்கம் படத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. படத்துத் துப்பாக்கியின் அந்த விசித்திரமான பட்பட்பட் சத்தம் அப்படியே இருக்கிறது. மோஷன் டிராக்கரைத் தூக்கினால் டிக், டிக். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஏலியன் வந்தது.

எப்படி வந்தது என்று சொன்னால்தான் புரியும். நடைபாதையின் அந்த முனையிலிருந்து, நல்ல வெளிச்சத்தில், நேர்கோட்டில், காலை மணி அடித்த பிறகு கேட்டுக்குள் ஓடிவருகிற பிள்ளை மாதிரி ஓடிவந்தது. சுட்டேன், விழுந்தது. இன்னொன்று அதே கோட்டில் ஓடிவந்தது. சுட்டேன். மூன்றாவது பாதி வழியில் நின்றுவிட்டது. எதற்கு நின்றது என்று எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை. ஒரு பெட்டியின் மேல் முட்டிக்கொண்டு அங்கேயே கால் மாற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா முழங்கையை விட்டுவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து "அடுப்பில் பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து போனாள். பாலெல்லாம் ஒன்றும் வைக்கவில்லை.

கூட வருகிற சிப்பாய்கள் அதற்கு மேல். ஒருவன் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்பான், நான் அடுத்த அறைக்குப் போனால் மந்திரம் போட்ட மாதிரி எனக்கு முன்னால் நிற்பான். ஏலியன் அவனைத் தாண்டி ஓடும், அவன் ஏலியனைத் தாண்டிச் சுடுவான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதிக்கவே மாட்டார்கள், பங்காளிச் சண்டை நடந்த வீட்டில் சித்தப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. மோஷன் டிராக்கரைத் தூக்கினால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது, அது நல்ல யோசனைதான், பயம் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் வருகிறது எல்லாம் எதிரிலேயே, கண்ணுக்கு நேரே வந்தால் டிராக்கரை எதற்குத் தூக்குவது? இரண்டாம் நாளிலிருந்து நான் அதைத் தொடவே இல்லை. படத்தில் எங்களைத் தூங்கவிடாமல் செய்த சத்தம் அது.

சாக்கடை ஒன்றில் துப்பாக்கி இல்லாமல் நடக்கிற ஒரு கட்டம் வரும். அங்கே பார்வையில்லாத ஒரு வகை ஏலியன், சத்தம் கேட்டால் ஓடிவந்து வெடிக்கும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பயங்கரம். திரையில் அது இரண்டு காலில் நிமிர்ந்து, முட்டியை மடக்கிக்கொண்டு, அவசரமாகக் கழிப்பறை தேடுகிறவரைப் போல நடந்து வந்தது. நான் சிரித்துவிட்டேன். வெளியே போகச் சொன்ன பையன் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உள்ளே வந்தான், அன்றையிலிருந்து அவனைத் தடுக்க எனக்கு முகமில்லை, ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்துப் பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

கதையைப் பற்றியும் கொஞ்சம். இரண்டாவது படத்தின் முடிவில் அந்தக் குடியிருப்பு வெடித்துச் சிதறிவிடும், படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். கேமில் போனால் கட்டடங்கள் பாதிக்கு மேல் நிற்கின்றன. சரி, போகட்டும் என்று விட்டேன். ஹிக்ஸ் என்கிற சிப்பாய் மூன்றாவது படத்தின் தொடக்கத்திலேயே (1992, டேவிட் ஃபிஞ்சர்) இறந்துவிடுவான், ரசிகர்கள் அதற்காகவே அந்தப் படத்தை மன்னிக்கவில்லை. இந்தக் கேமில் அவன் உயிரோடு வருகிறான். எப்படி என்று நான் பரபரப்போடு காத்திருந்தால், "அது பெரிய கதை" என்கிற ரீதியில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பெரிய கதையைப் பிறகு ஜூலையில் தனிக் காசுக்கு விற்றார்கள்! இதில் எனக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ஹிக்ஸாகக் குரல் கொடுத்தவர் படத்தில் நடித்த மைக்கேல் பீன்தான், பிஷப் என்கிற இயந்திர மனிதனுக்கும் அதே லான்ஸ் ஹென்ரிக்சன்தான். பிரெஞ்சுக் கேசட்டில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டு பேரின் சொந்தக் குரலை முதல்முதலாகக் கேட்கக் கொடுத்தது இந்தக் கேம். அவ்வளவு தூரம் வந்து கேட்ட குரல், சம்பளப் பட்டியலை வாசிக்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் ராணி ஏலியனோடு ஒரு சண்டை, சண்டை என்றால் அங்கே ஓடி ஒரு பொத்தானை அழுத்து, இங்கே ஓடி இன்னொன்றை அழுத்து. பிறகு இரண்டு வரி வசனம், திரை கறுப்பு, பெயர்கள் ஓடுகின்றன. நான் டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ரிமோட்டைத் தட்டினேன்.

டெமோவில் பார்த்த நடைபாதை, வெளிச்சம், மூலையில் மறைந்த வால், ஒன்றுகூட டிஸ்க்கில் அந்த மாதிரி இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்புக்குப் புகார் போய், டிரெய்லரில் காட்டியது டெமோவிலிருந்து எடுத்தது என்பதைத் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும் என்று சேகாவே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 2013-லேயே வழக்குப் போட்டார்கள், 2014-இல் சேகா 12.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள முன்வந்தது. அதில் எனக்கு ஒரு சல்லிக்காசு வராது, அமெரிக்காவில் வாங்கவில்லையே. கேமின் பெரும்பகுதியை டைம்கேட் என்ற இன்னொரு நிறுவனம் செய்தது என்றும் செய்திகள் வந்தன, அந்த நிறுவனம் அதே வருடம் திவாலாகிவிட்டது. யார் சமைத்தது, யார் பரிமாறியது என்று ஆளுக்கொரு கதை. சோறு வேகவில்லை, அதுதான் எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் அதை மறந்திருந்தேன், மறந்திருந்தேன் என்றால் யாராவது ஏலியன் பற்றிப் பேசினால் அரை மணி நேரம் திட்டுவேன், அவ்வளவுதான். 2018 ஜூலை. பள்ளி விடுமுறை, ரோஸ் ஹில்லில் நல்ல குளிர் (எங்கள் குளிர் என்ன பெரிய குளிர், 17 டிகிரிக்கே கம்பளி). பையனுக்குப் பதினான்கு வயது, அம்மா சுட்ட கேட்டோ பிமா (மிளகாய் வடை) ஒரு கையில், போன் ஒரு கையில். நான் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்துவது என்றால் பெரும்பாலும் ல, ள, ழதான். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைகளின் நாக்கில் மூன்றும் ஒன்றுதான், பாவம். 'பள்ளிக்குப் போனேன்' என்று எழுதச் சொன்னால் பாதி வகுப்பு 'பல்லிக்குப் போனேன்' என்று எழுதும். நானும் வருடா வருடம் ஓரத்தில் ஒரு பல்லி படம் வரைந்து கேள்விக்குறி போடுவேன்.

"மாமா, உங்க ஏலியன் கேம்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக்காம்" என்றான்.

"வசனத்திலயா?"

"இல்ல, உள்ளே. கோட்ல. ஒரு லெட்டர். அதனாலதான் ஏலியன் எல்லாம் மக்கு மாதிரி நடக்குதாம்."

பேனாவைக் கீழே வைத்தேன். நம்பவில்லை, போனைப் பிடுங்கிப் படித்தேன். உண்மைதான். கணினியில் இந்தக் கேமைப் போட்டால் பீக்கன் எஞ்சின் என்ற பெயரில் ஓர் அமைப்புக் கோப்பு வரும், சாதாரண நோட்பேடில் திறக்கலாம். அதில் ஒரு வரி. ஏலியனை ஒரு 'டெதரோடு' இணை என்று சொல்கிற வரி. டெதர் என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் ஈ-க்குப் பக்கத்தில் தேவையில்லாமல் ஓர் ஏ சேர்ந்துவிட்டது. கேம் அந்தப் பெயரைத் தேடும், அப்படி ஒரு பெயர் எங்கேயும் இல்லை, சரி இல்லை போல என்று சத்தம் போடாமல் விட்டுவிடும். சிவப்புக் கோடு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கேமைத் தோண்டிக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் 2017 அக்டோபரிலேயே இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை, 2018 ஜூலையில்தான் ஊரெல்லாம் பரவியது.

"டெதர்னா என்ன மாமா?"

மாட்டைக் கட்டுகிற கயிறு. தமிழில் தும்பு. இந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன், அவன் பயந்துபோனான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று சொல்கிறோமே, அந்தப் பழமொழியை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறேன், இங்கே மாடு வைத்திருக்கிற வீடே அருகிவிட்டதால் தும்பு என்றால் என்ன என்பதிலேயே பாதி வகுப்பு முடிந்துவிடும். இதோ உதாரணம்! கேம் செய்தவர்கள் ஏலியனுக்குத் தும்பு மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அறைக்குள் ஒரு பதுங்கிடத்தோடு கட்டுகிற தும்பு, அதை வைத்துத்தான் எங்கே ஒளிய வேண்டும், எந்தப் பக்கம் சுற்றிவர வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று அது முடிவுசெய்யும். ஓர் எழுத்தில் தும்பு அவிழ்ந்துவிட்டது. டெமோவில் பார்த்த அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டாயிரம் ரூபாயோடு ஓடியிருக்கிறேன்.

என்னிடம் இருந்தது கன்சோல் டிஸ்க், அதற்குள் கோப்பைத் தொட முடியாது. பையனின் லேப்டாப்பில் பார்த்தோம், கணினிப் பதிப்பு தள்ளுபடியில் பத்து ஜோடி தால்பூரி விலைக்குக் கிடைத்தது. ஒரு முறை ஏமாந்த அதே கேமை மறுபடி காசு கொடுத்து வாங்குகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க இறங்கியது. காலையில் வனிலா டீயோடு உட்கார்ந்து கோப்பைத் திறந்தோம், அந்த வரியைத் தேடிப் பிடித்தோம். அவன் அழிக்கப் போனான், நான் விடவில்லை. அந்த ஏ-வை அழிக்கிற உரிமை எனக்குத்தான். இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் பிழை திருத்தியிருப்பேன், ஒன்றைத் திருத்தி ஏலியனுக்கு மூளை வந்ததில்லை.

வந்தது, உண்மையாகவே வந்தது. முதல் சண்டையிலேயே வித்தியாசம் தெரிந்தது. நேர்கோட்டில் ஓடிவரவில்லை. ஒன்று முன்னால் தலையைக் காட்டிவிட்டுப் பின்வாங்கியது, நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பக்கச் சுவரில் பல்லி மாதிரி ஊர்ந்து வந்து பின்னால் இறங்கியது. (பல்லி! இந்த வார்த்தை என்னை விடாது.) பையன் கத்திவிட்டான். அரை மணி நேரத்தில் நான்கு முறை செத்தோம். மோஷன் டிராக்கரை நானாகவே தூக்கினேன், தூக்கியதை உணர்ந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன், அவள் கதவிலேயே நின்று பார்த்துவிட்டு, "இது வேற கேமா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே செய்த மாதிரி.

அந்தப் பெருமை மதியச் சாப்பாடு வரைக்கும் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து ஆடினால், ஏலியனுக்குப் புத்தி வந்துவிட்டது, மற்ற எதற்கும் வரவில்லை. நடைபாதை அதே நேரான நடைபாதை, சுவரில் பதுங்க இடமே இல்லாத இடத்தில் பதுங்கத் தெரிந்து என்ன பயன்? கூட வருகிற சிப்பாய் அதே மாதிரி மந்திரத்தில் தோன்றுகிறான். எதிரிகளில் நிறையப் பேர் ஏலியனே இல்லை, கதையில் வருகிற ஒரு கம்பெனியின் கூலிப்படை ஆட்கள், துப்பாக்கி வைத்த மனிதர்கள், அவர்களை வேறு எந்தக் கேமிலும் சுடலாம். வெடித்துச் சிதறிய ஊர் அப்படியே நிற்கிறது. ஹிக்ஸ் அதே சம்பளப் பட்டியலை வாசிக்கிறான். ராணிக்கு அதே பொத்தான்கள். இணையத்தில் ஆளாளுக்கு 'ஓர் எழுத்து கெடுத்த கேம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, அதை நானும் ஒரு நாள் நம்பினேன். ஓர் எழுத்தைத் திருத்தினால் 'பல்லி' பள்ளியாகிவிடும், வாக்கியம் சரியாகிவிடும். கட்டுரையே வேறு பிள்ளையுடையதைப் பார்த்து எழுதியது என்றால் எந்த எழுத்தைத் திருத்துவது?

ஆறு உடைக் கணக்குக்கு வருகிறேன். படத்தில் ஆறு, பார்த்தவன் மனதில் நூறு. கேமில் நூறு வந்து விழுகிறது, எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை, அந்தப் பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றதைத் தவிர. தும்பு சரியாக மாட்டியிருந்தாலும் முதல் பத்து நிமிடம் முடிந்ததுமே ஏலியனை வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எழுத்துப்பிழை இல்லையே, அது யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. காத்திருக்க வைப்பதுதான் அந்தப் படத்தின் தொழில். சுடுவதற்கு ஆள் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வேண்டாம் என்று விட்டார்கள்.

இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். அதே சேகா அடுத்த வருடமே, 2014 அக்டோபரில், 'ஏலியன்: ஐசோலேஷன்' வெளியிட்டது, செய்தவர்கள் கிரியேட்டிவ் அசெம்பிளி. படங்களின் நாயகி ரிப்ளியின் மகள் அமாண்டா, ஒரு விண்வெளி நிலையம், துரத்துகிறது பெரும்பாலும் ஒரே ஓர் ஏலியன், அதைக் கொல்லவும் முடியாது. அதற்கு இரண்டு மூளை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும், ஆனால் அது நேரே சொல்லாது, 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று குறிப்பு மட்டும் கொடுக்கும். மற்றது ஏலியனின் மூளை, கண்ணாலும் காதாலும் தானே தேடித் திரியும். பையன் அதை ஒரு விடுமுறையில் முடித்துவிட்டான். நான் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் இரும்பு அலமாரிக்குள் ஒளிந்து, இடுக்கு வழியாக அது நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கன்சோலை அணைத்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. டிக், டிக் சத்தம் அதில் சரியாக இருக்கிறது.

லேப்டாப்பில் இருந்ததை அன்றைக்குச் சாயங்காலமே பையன் அழித்துவிட்டான், வேறு கேமுக்கு இடம் வேண்டுமாம். திருத்தி நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்காது. டிஸ்க் மட்டும் அலமாரியில் கிடந்தது, ஏ-வோடு, திருத்தப்படாமல்.

அம்மா அதை ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கட்டினார். காற்றில் நன்றாகத்தான் சுற்றுகிறது, வெயில் பட்டால் பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் வானவில் அடிக்கிறது. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலில் பார்த்தேன். ஒரு கோந்தே, கொண்டையைத் தூக்கிக்கொண்டு, டிஸ்க் கட்டியிருக்கிற அதே கிளையில் உட்கார்ந்து பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. டிஸ்க் சுற்றி வந்து அதன் முகத்தில் வெளிச்சம் அடித்தது. குருவி ஒரு அடி தள்ளி உட்கார்ந்து அடுத்த பழத்தைக் கொத்தியது. அம்மா வேறு சிடி இருக்கிறதா என்று கேட்கிறார்.